தருமபுரியின் பெருவழியும் மறைந்த இருப்புப் பாதையும்

ஓர் ஊரின் வரலாறு கோட்டையிலும் கல்வெட்டிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. மக்கள் நாள்தோறும் சென்ற வழிகளிலும் அது பதிந்திருக்கிறது. தகடூர் எனச் சங்க காலத்தில் புகழ்பெற்ற தருமபுரிக்கு அத்தகைய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, சேலத்தையும் பெங்களூரையும் இணைத்து ஊரின் நடுவே சென்ற பெருவழி. மற்றொன்று, இன்று மறைந்துவிட்ட சிற்றிருப்புப் பாதை.

சென்னையிலிருந்து வந்த அகல இருப்புப் பாதை 1861ஆம் ஆண்டில் சேலத்தை எட்டியது. அது மொரப்பூர் வழியே சென்றதால் தருமபுரி ஒதுங்கி நின்றது. அதன் விளைவை 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் உணர்த்திற்று. அன்று தருமபுரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டம் கடுந்துயருற்றது. புகைவண்டி நிலையம் வரை தானியம் வந்தாலும், தீவனமும் நீருமின்றி மாடுகள் மடிந்த காலத்தில் அதனை உள்ளூர்களுக்கு இழுத்துச் செல்வது யார்? பஞ்சக் காப்புக்கென இருப்புப் பாதைகள் தேவை என்று 1880இல் பஞ்ச ஆணையம் பரிந்துரைத்ததன் பொருள் இதுவே.

அந்நோக்கின் வழியில் 1906இல் மொரப்பூர் – தருமபுரி குறுகிய பாதை திறக்கப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். இதற்கோ 762 மில்லிமீட்டரே. செலவு குறைந்தது, ஆனால் மொரப்பூரில் ஒவ்வொரு மூட்டையையும் வண்டி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டு வாயிலிலேயே சரக்கை ஏற்றி இறக்கும் லாரி பெருவழியில் ஓடத் தொடங்கியபின், இக்குறை பெருங்குறையாயிற்று. உலகப் போரின் நடுவே, 1941இல், பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் தருமபுரி இருப்புப் பாதையின்றியே இருந்தது. 1960களின் இறுதியில் சேலம் – பெங்களூர் மீட்டர் பாதை வந்தது. 1990களில் அது அகலப் பாதையாயிற்று. எனினும் மொரப்பூர் இணைப்பு மீளவில்லை. 2019இல்தான் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய தடத்தில் வீடுகளும் தெருக்களும் எழுந்துவிட்டமையால் நிலம் பெறுவதே பெரும்பணியாயிற்று.

இலாபக் கணக்கு மட்டும் பார்த்து அழிக்கப்படும் பொதுவழியை மீட்கத் தலைமுறைகள் ஆகின்றன என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம். அப்பாதையைப் பற்றித் தம் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்ட முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் நினைவுகளை மாணவர்கள் இன்றே எழுதி வைப்பார்களாயின், தண்டவாளம் மறைந்தாலும் தடம் மறையாது.