தாய் வைத்த பெயர் என்ன?



உங்கள் பிள்ளையை அழைத்து, அக்கினிச் சூளையில் போடப்பட்ட மூவரின் பெயரைக் கேளுங்கள். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று தடையின்றிச் சொல்லும். அவர்களுடைய பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்டால், பெரியவர்களாகிய நாமே சற்றுத் தயங்குவோம். அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் பெயர்களை மாற்றியது பாபிலோன் அரண்மனை. அதுவே அவர்களுக்குக் கல்தேயரின் பாஷையையும் கற்பித்தது (தானியேல் 1).

பாபிலோன் செய்ததைச் சபைகளே செய்த காலம் ஒன்று உண்டு. கனடா தேசத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1990கள் வரை, பூர்வகுடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மேல் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். அரசு பணம் கொடுத்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் முதலான சபைகள் நடத்தின. கூந்தலைக் கத்தரித்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். பல இடங்களில் பெயருக்குப் பதிலாக எண்ணால் அழைத்தார்கள். 4,000க்கும் அதிகமான பிள்ளைகள் வீடு திரும்பாமலே மரித்தார்கள். ஆங்கிலிக்கன் சபை 1993இலும், கனடா அரசு 2008இலும் மன்னிப்புக் கேட்டன. போப் பிரான்சிஸ் 2022இல் நேரில் சென்று மன்னிப்புக் கோரினார். இன்று அங்குள்ள மாணவர்கள் செப்டம்பர் 30ஆம் நாளில் ஆரஞ்சுச் சட்டை அணிந்து இதை நினைவுகூருகிறார்கள். பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையைப் பள்ளியின் முதல் நாளிலேயே பறிகொடுத்த ஆறு வயதுச் சிறுமியின் நினைவாக எழுந்த வழக்கம் அது.

தூரதேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1871இல் வெள்ளையர் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம்தான் அது. பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டமோ, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் அதிகாரம் அளித்தது. இச்சமூகங்களுக்கான குடியிருப்புகள் பலவற்றை இரட்சணிய சேனை ஏற்று நடத்தியது. சென்னை–விஜயவாடா இரயில் பாதையில், சீராலாவைத் தாண்டினால் வரும் ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. கல்வியும் கைத்தொழிலும் அங்கே கிடைத்தன என்பது மெய். விருப்பம்போல் வெளியேற முடியாதிருந்ததும் மெய். நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான்.

(நம் பிள்ளைகள் இந்நகரில் தமிழ் எழுத்தை மறக்கிறார்களே என்று நாம் வருந்துகிறோம். அது நாமே தெரிந்துகொண்ட வழி. எவரும் நம் மடியிலிருந்து பிள்ளைகளைப் பறிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நியாயமாகாது.)

எங்கள் ஞாயிறு பள்ளியில் இதைச் சொன்னபோது ஒரு சிறுவன், “அந்தப் பள்ளிகளை நடத்தினவர்கள் ஜெபம் பண்ணினார்களா, ஆன்ட்டி?” என்று கேட்டான். ஆம், காலையும் மாலையும் ஜெபித்தார்கள் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியை அவசரமாய்க் கலைக்காதீர்கள், ஆசிரியர்களே. “அவர்கள் வேறு சபையார்” என்று தப்பிக்கவும் வேண்டாம். நெகேமியா தன் தகப்பன் வீட்டாரின் பாவத்தையும் சேர்த்தே அறிக்கையிட்டான். தான் பிறவாத காலத்துக் குற்றம் என்று விலகி நிற்கவில்லை. சிறு பிள்ளைகளுக்கு மரணங்களின் விவரம் வேண்டாம். பெயரும் சட்டையும் போதும். பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு முழுவதையும் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு அந்த மூவரையும் அனனியா, மீஷாவேல், அசரியா என்றே அழைத்துப் பாடம் நடத்தினோம். பிள்ளைகள் இருமுறை தடுமாறினார்கள். மூன்றாம் முறை சரியாய்ச் சொன்னார்கள்.