கல்லும் நீரும்: மருத்துவ நூலகம் தரும் விடை

கிளியனூர்ப் பகுதியிலிருந்து மரக்காணம் உப்பளங்களுக்கு வேலைக்குச் செல்வோர் வெயிலில் மிகுதியாக வியர்க்கின்றனர். அதற்கு ஈடாக நீர் அருந்தாவிடில் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும். கைப்பேசியில் வரும் ‘கல் கரைக்கும்’ குறிப்புகளை நம்பலாமா என்று நோயாளிகள் வினவுகின்றனர்.

விடை தேட உதவுவது காக்ரேன் நூலகம். உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் தரத்தைச் சீர்தூக்கி, முடிவுரைக்கும் இணைய நூலகம் இது. 2007ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனை இந்தியர் அனைவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. எளிய நடைச் சுருக்கங்கள் சில தமிழிலும் உள்ளன.

சிறுநீரகக் கல்லைத் தடுக்க நீர் உதவுமா என்பதையும் இந்நூலகம் ஆராய்ந்துள்ளது. ஒருமுறை கல் வந்தவர்கள் கூடுதலாக நீர் அருந்தினால், அது மீண்டும் வருவது குறையலாம். கல் வராதவர்களைப் பற்றி முடிவுரைக்கத் தக்க ஆய்வு கிடைக்கவில்லை. அறிந்ததோடு அறியாததையும் உரைப்பதே நம்பத்தக்க நூலகத்தின் இயல்பு; கைப்பேசிக் குறிப்புகளில் இது காணப்படுவதில்லை.

எனினும், சிறுநீரகச் செயலிழப்பு, இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு மிகுதியான நீர் தீங்காகலாம். ஆகவே, படித்த சுருக்கத்தை மருத்துவரிடம் காட்டிக் கலந்து பேசுங்கள்; அதற்குமுன் எம்மருந்தையும் நிறுத்தாதீர்கள். இணைய வசதி இல்லாதோர் தம் கேள்வியைத் தாளில் எழுதி வந்தாலே போதும்.