முதல் வாரத்தில் நண்பன் கிடைக்கவில்லையா?

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேருகிறீர்கள். மதிய மணி அடிக்கிறது. சத்துணவுத் தட்டோடு நிற்கிறீர்கள். யார் அருகில் போய் உட்காருவது?

"என்னோடு யாருமே பழகமாட்டார்களோ?" என்ற கலக்கம் அப்போது எழுவது இயல்பே. ஆனால் நட்பு குணத்தை மட்டும் பொறுத்ததன்று. இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர் 54 பேரை முதல் நாளன்று குலுக்கல் முறையில் உட்கார வைத்தார்கள். ஓராண்டு கழித்து விசாரித்தபோது, அன்று அடுத்தடுத்து உட்கார்ந்தவர்களிடையே நட்பு மிகுந்திருந்தது! இம்முடிவு 2008-இல் வெளியாயிற்று.

நேரம் எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக ஏறத்தாழ 50 மணி நேரம் வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். பாடம் கேட்கும் நேரத்தைவிடப் பேசி, விளையாடிக் கழிக்கும் நேரமே அதிகம் பயன் தருகிறது.

இது பெரியவர்களிடம் கண்ட அளவு. எனினும் ஒரு கணக்குப் போடுவோம். மதிய உணவின்போது அரை மணி, வீடு திரும்பும் வழியில் அரை மணி. நாளுக்கு ஒரு மணி. 50 மணி சேர 50 பள்ளி நாட்கள், அதாவது பத்து வாரங்கள் ஆகும். ஜூனில் சேர்ந்தவருக்கு ஆகஸ்டில்தான் நண்பர்!

ஆகவே முதல் வாரத் தனிமை உங்கள் குறையன்று. நாளை ஒரே இடத்தில் உட்காருங்கள். அடுத்திருப்பவரின் பெயரைக் கேளுங்கள். தனியே தட்டோடு நிற்பவர் கண்ணில் பட்டால், சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். அவருடைய முதல் அரை மணி அங்கே தொடங்கட்டும்.