வைவாவுக்கு முன்னாடி ஒரு வரி டைப் பண்ணுங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். நாலு பேர் டீம். ஒருத்தர் சர்வர் பக்கம் பார்க்கிறார், இன்னொருத்தர் மொபைல் ஆப் செய்யறார். தனித்தனியா ஓட்டினா ரெண்டுமே ஜம்முனு ஓடுது. சேர்த்து ஓட்டினா மட்டும் புட்டுக்குது! காரணம்? சர்வர் அனுப்புறது ‘ரோல் நம்பர்’. ஆப் தேடுறது ‘ரெஜிஸ்டர் நம்பர்’. அப்புறமென்ன... ‘தப்பு உன் மேலயா, என் மேலயா’னு ஹாஸ்டல் ரூம்ல குருக்ஷேத்திரம்தான்.

‘இதெல்லாம் காலேஜ் பசங்க பண்ற கூத்து’னு நினைக்காதீங்க. நாசாவுக்கே நடந்திருக்கு!

செவ்வாயில் தொலைந்த கதை

1998 டிசம்பரில் கிளம்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’, 1999 செப்டம்பர் 23-ம் தேதி செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. பூமியில் இருந்த ஒரு சாஃப்ட்வேர், உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் எழுதித் தந்தது. அதை வாங்கிய இன்னொரு சாஃப்ட்வேர், நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. சுமார் நாலரை மடங்கு வித்தியாசம்! இதில் வேடிக்கை என்னன்னா, ‘மெட்ரிக் அளவில்தான் தரணும்’னு ரெண்டு சாஃப்ட்வேருக்கும் நடுவே எழுதிவைத்த ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. அதன்படி நடக்குதான்னுதான் யாரும் சரியா பார்க்கலை.

ஒப்பந்தத்துக்கு ஒரு ஃபைல்

ஒரு புரோகிராம் இன்னொண்ணுகிட்ட பேசுற வாசலுக்குப் பேர்தான் ஏபிஐ. ‘இந்த முகவரியில் கேளு, இந்தப் பெயரில் பதில் வரும், அது எண்ணா இருக்கும்’னு அதை எழுதிவைக்க ஒரு பொது முறை இருக்கு. வேர்ட்நிக் என்ற ஆன்லைன் அகராதி நிறுவனத்தில் டோனி டாம் ‘ஸ்வாகர்’ என்ற பெயரில் தொடங்கியது. 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அரவணைப்புக்கு வந்து, 2016 முதல் ‘ஓபன்ஏபிஐ’ ஆகிவிட்டது. யாமல் அல்லது ஜேசன் ஃபைலாக எழுதலாம்.

சரி, அந்த ஃபைல்லயே தப்பு இருந்தா? அதுக்குத்தான் ரீடாக்லி, ஸ்பெக்ட்ரல் போன்ற கமாண்ட்-லைன் கருவிகள். ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. கம்ப்யூட்டர்ல நோட் ஜேஎஸ் இருக்கணும். டெர்மினலைத் திறந்து கருவியின் பெயர், பக்கத்தில் ‘லின்ட்’, அடுத்து உங்க ஃபைல் பெயர்... எண்டர் தட்டினா எந்த வரியில் என்ன கோளாறுனு புட்டுப்புட்டு வைக்கும். ஸ்பெக்ட்ரலுக்கு மட்டும் எந்தெந்த விதிகளைப் பார்க்கணும்னு ஒரு சின்ன விதி ஃபைல் எழுதிக் கொடுக்கணும். உங்க டீமோட சொந்த விதிகளையும் அதில் சேர்க்கலாம்.

என்னென்ன மாட்டும்?

* யாமலில் ஸ்பேஸுக்குப் பதிலா டேப் தட்டியது.
* முகவரியில் ‘ஐடி’ கேட்டுவிட்டு, கீழே அதை விளக்காமல் விட்டது.
* ரெண்டு வேலைகளுக்கு ஒரே அடையாளப் பெயர் வைத்தது.
* இல்லாத பகுதியை ‘அங்கே போய்ப் பார்’ என்று கைகாட்டியது.
* எண் என்று சொல்லிவிட்டு, மாதிரி பதிலில் எழுத்தைப் போட்டது.

இன்னொரு வசதி. தப்பு இருந்தா இந்தக் கருவி பூஜ்யம் அல்லாத ஒரு எண்ணைக் கொடுத்துட்டு முடியும். அதை கிட்ஹப்பில் கோத்துவிட்டால், ‘ஃபைல் சரியில்லை, கோடை உள்ளே விடாதே’னு ராத்திரி 2 மணிக்கும் வாசலில் நின்னு தடுக்கும். ஃப்ரெண்டுகிட்ட முகத்துக்கு நேரா சொல்லத் தயங்குறதை மெஷினே சொல்லிடும்!

ஆனா ஒண்ணு...

இந்தக் கருவி பார்ப்பது ஃபைலை மட்டும்தான். உங்க கோடை இல்லை. செவ்வாய் கதையிலும் ஒப்பந்தம் சரி, கோடுதான் தப்பு. அதனால லின்ட் பச்சைக்கொடி காட்டினதும் காலரைத் தூக்கிவிடாதீங்க. அதே ஃபைலை வைத்து, ஓடுகிற சர்வரிடமே கேள்வி கேட்டு, ‘சொன்னபடி பதில் வருதா’னு சோதிக்க ஸ்கீமாதெசிஸ் போன்ற கருவிகள் இருக்கு. முதல்ல லின்ட், அடுத்து அந்தச் சோதனை. ரெண்டும் சேர்ந்தால்தான் முழு நிம்மதி.

இந்த வாரமே டீமோட உட்காருங்க. கோடுக்கு முன்னாடி ஃபைலை எழுதுங்க. ‘ரோல் நம்பரா, ரெஜிஸ்டர் நம்பரா’ங்கிற சண்டையை அங்கேயே போட்டு முடிச்சுக்குங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னாடி போடுறதைவிட, அது எவ்வளவோ தேவலை!