அறுந்த பெல்ட்டை எறியாதீர்கள்

சுவிட்சை அழுத்தினால் மோட்டார் வழக்கத்தைவிட உரக்கக் கத்துகிறது. மரத்திலிருந்து ஒரு சீவல்கூட எழவில்லை. கை பிளேனரோடு பழகியவர்களுக்குச் சத்தமே போதும்: பெல்ட் போய்விட்டது. பக்கத்து மூடியைக் கழற்றி, அறுந்ததைக் குப்பையில் போட்டுப் புதியதை மாட்டுவார்கள். அந்தக் குப்பையில்தான் விஷயமே இருக்கிறது.

பிளேனரில் மோட்டார் தனி, பிளேடு பூட்டிய டிரம் தனி. பல பிளேனர்களில் இரண்டையும் இணைப்பது, சுண்டுவிரல் அகலத்தில் ஒரு பல் பெல்ட். 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காக உருவான வகை இது. பற்கள் இருப்பதால் வழுக்காது.

600 வாட் பிளேனர் ஒன்றின் டிரம் நிமிடத்துக்கு 16,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிளேடு என்றால் நொடிக்கு 500க்கும் மேற்பட்ட வெட்டுகள். டிரம் புல்லியின் ஆரம் 1.5 செ.மீ. என்றால் பெல்ட் மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அது இழுக்க வேண்டிய விசை, ஏறத்தாழ 2.5 கிலோ எடைக்குத்தான் சமம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகம் அதிகமானால் குறைந்த விசையே போதும். மெல்லிய பெல்ட் தாக்குப்பிடிக்கும் ரகசியம் இதுதான்.

சிக்கல் ஆணியில் வருகிறது. பழைய வீட்டு உத்தரத்தை இழைக்கும்போது உள்ளே புதைந்த ஆணியில் பிளேடு மோதினால் டிரம் சட்டென்று நிற்கும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அப்படி நிற்காது. அதன் இயக்க ஆற்றல் அப்படியே பெல்ட்டின் மேல் இறங்க, பற்கள் பிய்ந்துபோகின்றன. வீட்டு ஃபியூஸ் மாதிரிதான்: மலிவான பொருள் போய், மோட்டார் தப்புகிறது.

ஆகவே அறுந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் பற்கள் பெயர்ந்திருந்தால் ஆணியோ, சீவல் அடைப்போ காரணம். சுற்றிலும் வெடிப்பு என்றால் வயதும் சூடும். ஒரு விளிம்பு மட்டும் பிசிறடித்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ரப்பர் உருகிப் பளபளத்தால் டிரம் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மரத்தூள் புகுந்து இறுகியிருக்கலாம். பெல்ட் இல்லாமல் டிரம் புல்லியைக் கையால் சுழற்றினால் கரகரப்பின்றி லேசாகச் சுற்ற வேண்டும்.

புதியதை மாட்டுவது எளிது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. புல்லிகளின் பற்களுக்கிடையே இறுகிய தூளைச் சுரண்டி எடுங்கள். சிறிய புல்லியில் முதலில் கோத்து, பெரியதின் விளிம்பில் பிடித்து, புல்லியைச் சுழற்றினால் பெல்ட் தானே ஏறிவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம்; பெரும்பாலும் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்தால் முறியும், வெளியே தெரியாது.

புது பெல்ட்டும் அதேபோல் உருகிச் சீக்கிரமே அறுந்தால் இன்னொன்று வாங்காதீர்கள், பேரிங்கை மாற்றுங்கள். பேரிங்கின் எண் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.