மாறுகின்ற பரீட்சையும் மாறாத முறையும்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலிலே புதிதாகப் பிரவேசிக்கிறவர்களுக்கென்று அமெரிக்காவில் ஏற்பட்டு, இன்று பல தேசங்களில் எழுதப்படுகின்ற ஏ பிளஸ் என்னும் பரீட்சை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தன் பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்வது வழக்கம். அவ்விதம் மாறுகிற ஒவ்வொரு சமயத்திலும், பழைய திட்டத்துக்கு உரிய புத்தகத்தைப் பாதியளவு படித்திருக்கிற மாணாக்கர், பழையதையே விரைந்து முடித்துவிடுவதா, புதியது வரும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்குவதா என்று நிச்சயிக்க முடியாமல் சஞ்சலப்படுகிறார். அந்தச் சஞ்சலத்திலேயே படிப்புக்கு உரிய வாரங்கள் பல கழிந்துவிடுகின்றன. மாறுவது எவ்வளவு, மாறாமல் நிற்பது எவ்வளவு என்று நிதானமாக ஆராய்ந்து பார்த்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இப்பரீட்சையை ஏற்படுத்திய காம்ப்டியா, 1982-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் வியாபாரிகளின் சங்கமாக வேறொரு பெயரில் தோன்றி, 1990-இல் இப்பொழுதுள்ள பெயரை ஏற்றுக்கொண்ட ஸ்தாபனம். ஏ பிளஸ் ஆரம்பமான 1993-ஆம் ஆண்டில், கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒரு கார்டைச் செருகுவதென்றால், அந்தக் கார்டுக்கு எந்த இண்டரப்ட் எண்ணை ஒதுக்குவது என்பதைப் பெரும்பாலும் பழுது பார்ப்பவரே சிறு ஜம்பர்களை இடம் மாற்றி நிர்ணயிக்க வேண்டியிருந்தது. முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, இரண்டாவதற்கு 3, பிரிண்டர் போர்ட்டுக்கு 7 என்று அந்நாளைய மாணாக்கர்கள் மனனம் செய்தார்கள். பிளக் அண்ட் பிளே முறையும் யுஎஸ்பியும் பரவியபின் அந்த எண்களுக்கு வேலை குறைந்து, அவை பாடத்திட்டத்தை விட்டு மறைந்தன. 2006-ஆம் ஆண்டில், பொதுப் பகுதி ஒன்றும், நேரில் சென்று பழுது பார்ப்பவர், தொலைவிலிருந்து உதவுகிறவர், பணிமனையிலேயே வேலை செய்கிறவர் என்ற மூன்று வகையினருக்கு மூன்று தனிப் பகுதிகளுமாக வகுத்துப் பார்த்தார்கள். 2009-இல் எல்லோருக்கும் பொதுவான இரண்டு பகுதிகளுக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் ஒரு சம்பவம் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. ஆயுள் முழுவதும் செல்லும் என்று கொடுக்கப்பட்டிருந்த சான்றிதழ்களுக்கும் இனிக் காலவரையறை உண்டென்று 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்தாபனத்தார் அறிவித்தபோது, தொழிலில் இருந்தவர்களிடையே பலத்த ஆட்சேபம் கிளம்பிற்று. அதன் பயனாக, அவ்வாண்டு முடிவதற்குள் தேறியவர்களுடைய சான்றிதழ் ஆயுள்வரை நிலைக்கும் என்றும், 2011 ஜனவரி முதல் தேறுகிறவர்களுக்கு மூன்று ஆண்டுகளே என்றும் தீர்மானமாயிற்று. கொடுத்த வாக்கைப் பின்னர் மாற்றுவது தகாது என்பதால் அந்த ஆட்சேபம் முற்றிலும் நியாயமே. ஆயினும் புதிதாகத் தேறுகிறவர்களுக்கு ஏற்பட்ட வரையறையும் அநியாயமன்று. ஜம்பர்களை மட்டுமே அறிந்த ஒருவரிடம் இன்றைய அலுவலகத்தின் யந்திரங்களை ஒப்புவிக்க யாரும் துணியமாட்டார்கள்.

இனி அண்மையில் நேர்ந்த மாறுதலுக்கு வருவோம். 2022 ஏப்ரல் முதல் நடந்துவந்த 220-1101, 220-1102 என்னும் வரிசை 2025 செப்டம்பர் 25-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதற்குச் சுமார் ஆறு மாதம் முன்பே, மார்ச்சில், 1201, 1202 என்னும் புதிய வரிசை வெளிவந்துவிட்டது. இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது ஆச்சரியமே. முதற்பகுதியில் ஹார்டுவேருக்கு உரிய 25 சதவிகிதமும், மெய்நிகர் யந்திரங்களுக்கும் கிளவுடுக்கும் உரிய 11 சதவிகிதமும் சிறிதும் அசையவில்லை; நெட்வொர்க் 20-லிருந்து 23-க்கு உயர, மொபைல் சாதனங்கள் 15-லிருந்து 13-க்கு இறங்கின; பழுது கண்டறிதல் 29-லிருந்து 28 ஆயிற்று. இரண்டாம் பகுதியில், ஆபரேட்டிங் சிஸ்டம் 31-லிருந்து 28-க்குக் குறைந்து, பாதுகாப்பு 25-லிருந்து 28-க்கு ஏறி, இரண்டும் சமமாக நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய ஆரம்ப விஷயங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பாதுகாப்புக்குக் கிடைத்த உயர்வை நான் மனமார வரவேற்கிறேன். ஏனெனில் பழுது பார்க்க வருகிறவரிடம் ஒரு குடும்பம் தன் புகைப்படங்களையும், வங்கிக் கணக்கையும், அந்தரங்கக் கடிதங்களையும் திறந்துவைத்துவிட்டே யந்திரத்தைக் கொடுக்கிறது.

எத்தனை வரிசைகள் மாறினாலும் இப்பரீட்சையின் உயிர்நாடியாக விளங்குவது, பழுதைக் கண்டறிவதற்கு அது வகுத்திருக்கிற ஆறு படிகள் கொண்ட முறையே ஆகும். உபயோகிப்பவரை விசாரித்து, அண்மையில் என்ன மாறியது என்று அறிந்து, குறை இன்னதென்று முதலில் தெளிதல். கண்ணுக்கு எதிரே உள்ள சாமானியமான காரணத்தையும் விட்டுவிடாமல் ஓர் ஊகத்தை அமைத்தல். அந்த ஊகத்தைச் சோதித்தல். அது மெய்யானால் செய்யவேண்டியதைத் திட்டமிட்டு நிறைவேற்றுதல். யாவும் செவ்வனே இயங்குகின்றனவா என்று சரிபார்த்து, அதே குறை மீண்டும் நேராதபடி தடுத்தல். கடைசியாக, கண்டதையும் செய்ததையும் எழுதிவைத்தல் என்று அது விரிகின்றது. வினாக்களில் பல, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவை. நான்கு விடைகளும் ஒரு டெக்னீஷியன் எப்போதேனும் செய்யக்கூடிய காரியங்களாகவே இருக்க, அந்தக் கணத்துக்கு உரியது எது என்பதை, எந்தப் படியில் நிற்கிறோம் என்று அறிந்தவரே எடுத்துச் சொல்ல முடியும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். தமக்கு இண்டர்நெட் வரவில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் முறையிடுகிறார். அவருடைய கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று ஆரம்பிக்கிறது. முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் கிடைக்காதபோது, விண்டோஸ் தானாகவே தனக்கு இட்டுக்கொள்ளும் முகவரி அது. மனனம் மட்டும் செய்தவர் உடனே சர்வரைக் குற்றம் சாட்டிவிடுவார். முறையை அப்பியாசம் செய்தவரோ, பக்கத்து மேஜையில் இருப்பவருக்கும் இதே தொல்லை உண்டா என்று முதலில் விசாரிப்பார். அவருக்கு உண்டென்றால் சர்வரின் பக்கம் பார்வையைத் திருப்புவார். இல்லையென்றால், இந்த ஒரு யந்திரத்தின் கேபிள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அது ஸ்விட்சில் உரிய போர்ட்டில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அந்த ஒரு விசாரணையில் அரை நாள் வேலை மிச்சமாகிறது.

ஆகவே இப்பரீட்சைக்குப் படிக்க விரும்புகிறவர், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, உபயோகமற்றதென்று யாரேனும் ஒதுக்கிவைத்த ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சம்பாதித்துக்கொள்வது உத்தமம். மின் இணைப்பை நீக்கி, மூடியைக் கழற்றி, ரேமை எடுத்துத் திரும்பப் பொருத்தி, மதர்போர்டில் எந்தக் கேபிள் எங்கே செல்கிறதென்று தொட்டுப் பார்த்து, மீண்டும் இயங்கச் செய்தவருக்கு, புத்தகத்தின் நூறு பக்கங்கள் பிரத்தியட்சமாகிவிடும். பவர் சப்ளையை மட்டும் எக்காரணத்தாலும் பிரிக்கலாகாது, ஏனென்றால் இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள் அபாயகரமான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவிப் பழகுவதற்கு, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒரு மெய்நிகர் யந்திரம் அமைத்தால் போதும். எத்தனை முறை கெடுத்தாலும் நஷ்டமில்லை. லேசர் பிரிண்டரின் ஏழு நிலைகளைப் படிக்கும்பொழுது, காகிதம் பாதி வழியில் நிற்கிற பிரிண்டர் ஒன்றைத் திறந்து பார்க்க நேர்ந்தால், டோனர் பொடி இன்னும் சூட்டினால் உருகிப் பதியாமல் விரலோடு வந்துவிடுவதைக் கண்டு, ஃப்யூஸரின் தொழில் இன்னதென்று அப்போதே விளங்கிவிடும்.

பாடத்திட்டம் மாறுகிற பருவத்தில், மெய்யான பரீட்சை வினாக்களே என்று சொல்லிக்கொண்டு திருட்டு வினாத்தாள்களை விற்கிறவர்களுடைய விளம்பரம் அவசரப்படுகிற மாணாக்கர்களை எளிதில் மயக்குகிறது. அவற்றை உபயோகிப்பது பரீட்சை எழுதுகிறவர் கையொப்பமிடும் உடன்படிக்கைக்கு விரோதமானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே பறிபோகலாம். அதைவிடப் பெரிய கேடு, அப்படித் தேறி உத்தியோகத்தில் அமர்ந்தவர், முதல் நாளிலேயே உண்மையான பழுதொன்றின் எதிரில் கையறு நிலையில் நிற்பது. பாடத்திட்டத்தின் முழு விவரத்தையும் காம்ப்டியாவே இலவசமாக வெளியிடுகிறது. புரொபசர் மெஸ்ஸர் என்று அறியப்படுகிற அமெரிக்க ஆசிரியர் ஒவ்வொரு வரிசைக்கும் முழுமையான காணொளிப் பாடங்களைக் கட்டணமின்றி அளித்துவருகிறார். நேர்மையான வழிக்குப் பணம் தடையென்று சொல்ல இடமில்லை. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் 200 டாலருக்கு மேற்பட்ட பரீட்சைக் கட்டணம் ஏழை மாணாக்கருக்குப் பாரமே என்பதை மறுக்க முடியாது.

இரண்டு வரிசைகளும் ஒருங்கே நடைபெறும் காலத்தில் எதைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்விக்கு என் விடை எளியது. ஒரு பகுதியில் தேறிவிட்டவரும், பாடத்தின் பெரும்பங்கை முடித்தவரும் பழையதையே எழுதி முடிக்கவேண்டும். 1101-இல் தேறியவர் அதனோடு 1202-ஐ இணைத்துச் சான்றிதழ் பெற இயலாதாகையால், இடையில் வரிசை மாறுகிறவருக்கு முன் செய்த பிரயாசை முழுவதும் பயனற்றுப்போகும். இன்னும் தொடங்காதவர் புதியதையே எடுத்துக்கொள்வது நலம். எதில் தேறினாலும் கிடைப்பது ஒரே ஏ பிளஸ் சான்றிதழ்தான். ஒவ்வொரு பகுதிக்கும் 90 நிமிஷம், அதிகபட்சம் 90 வினாக்கள். 100 முதல் 900 வரையுள்ள அளவையில் முதற்பகுதிக்கு 675-உம், இரண்டாம் பகுதிக்கு 700-உம் பெறவேண்டும். திரையில் ஒரு காரியத்தைச் செய்து காட்டச் சொல்லும் செயல்முறை வினாக்கள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வருமாதலால், அவற்றைக் குறித்துவைத்துவிட்டு, மற்றவற்றை முடித்தபின் அவற்றுக்குத் திரும்புவது சிலாக்கியம். சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்வதற்கு, தேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்கல்விக்கு உரிய 20 அலகுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் போன்ற மேல்நிலைப் பரீட்சை ஒன்றில் தேறினால், அதனுடனேயே ஏ பிளஸ் சான்றிதழும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.