சூறாவளிக்கு உணவூட்டும் கடல்

கார்த்திகை, மார்கழி வந்தால் "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று வானொலி அறிவிக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கி, நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட சூறாவளியும் இக்காலத்திலேயே வந்தது. ஏன் இந்த மாதங்களில்?

கொதிக்கும் பானையின் ஆவி கையில் பட்டால் சுடுகிறது அல்லவா? ஆவி நீராக மாறும்போது, தன்னுள் இருந்த வெப்பத்தைக் கையில் விட்டுவிடுகிறது. வானத்திலும் இதுவே நடக்கிறது. சூடான கடலிலிருந்து எழும் நீராவி, மேலே சென்று குளிர்ந்து முகிலாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் காற்று மேலும் சூடாகி எழ, கடல் மட்டத்தில் அமுக்கம் குறைகிறது. அவ்விடத்தை நோக்கி விரையும் காற்றைப் பூமியின் சுழற்சி திருப்பிச் சுழல வைக்கிறது.

இதற்குக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். அச்சூடு சுமார் 50 மீற்றர் ஆழம் வரை இருக்க வேண்டும். ஆனால் சூடு மட்டும் போதாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் சூடாக இருந்தாலும், கீழ்க்காற்றும் மேல்காற்றும் வெவ்வேறு திசைகளில் பலமாக வீசுவதால், எழும் முகில்கள் சிதறிவிடுகின்றன. அக்காற்று ஓய்ந்த பின்னர், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சூறாவளி உருவாக வசதி ஏற்படுகிறது. தரையைத் தொட்டதும் கடலின் வெப்பம் கிடைக்காமல் அது தளர்கிறது.

இப்போது பூமி வெப்பமடைவதால் கடலும் சூடேறி வருகிறது. இதனால் சூறாவளிகளின் எண்ணிக்கை கூடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடும் சூறாவளிகளின் பங்கும், அவை கொட்டும் மழையும் கூடும். காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும்.

2025 நவம்பர் 28ஆம் திகதி எம் நாட்டில் கரையேறிய டித்வா, காற்றின் வேகத்தில் பெரிய சூறாவளி அல்ல. ஆயினும் 600க்கும் அதிகமானோர் இறந்தனர். பெரும்பாலான உயிர்களைப் பறித்தவை வெள்ளமும் மண்சரிவுமே.

ஆகவே சகோதரிகளே, "சாதாரண தாழமுக்கம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். எவ்வளவு மழை வரும் என்பதையும் கவனித்துக் கேளுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். அது சூறாவளியின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைக்கலாம்.

தனியே குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண், எப்போது வெளியேறுவது என்பதையும் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெள்ளம் வாசலுக்கு வருமுன், பகல் வெளிச்சத்திலேயே பிள்ளைகளுடன் புறப்படுவது நல்லது.